இம்பிளான்ட் வைத்துப் பல வருடம் கழித்து மார்பு வீங்கினால்: லிம்ஃபோமா பற்றிய கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியின் சாரம் இது. கீழக்கரையில் இருக்கும் உங்கள் ராத்தாவுக்கு (அக்காவுக்கு) வயது 52. குடும்பம் கோலாலம்பூரில் இருந்தபோது இடது மார்பில் புற்றுநோய் கண்டு, மார்பை எடுத்து, பிறகு சிலிக்கோன் இம்பிளான்ட் வைத்தார்கள். ஒன்பது வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது மூன்று வாரமாக அந்தப் பக்கம் மட்டும் பெருத்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, தோல் சிவக்கவில்லை, லேசாக இறுக்கமாக இருக்கிறது என்கிறார். இரண்டு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. இதற்கிடையே "இம்பிளான்ட் வைத்தால் ரத்தப் புற்று வரும்" என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பழைய புற்றுதான் திரும்பி வந்திருக்கிறதா, இம்பிளான்ட்டை உடனே எடுத்துவிட வேண்டுமா, திரும்பவும் கோலாலம்பூருக்கே கூட்டிப் போகவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது ஆன்டிபயாடிக் கோர்ஸ் வேண்டாம். அந்தப் பக்கம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து, இம்பிளான்ட்டைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் அந்த நீரை எடுத்து, அணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சைட்டாலஜிக்கும், இந்த லிம்ஃபோமா அணுக்களின் மேல் இருக்கும் சி.டி.30 என்ற புரதத்தைத் தேடும் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். அந்த முடிவு கைக்கு வரும்வரை இம்பிளான்ட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. எடுக்கிற நீரில் பாதியைக்கூடக் கொட்டிவிடக் கூடாது. இங்கே சந்தேகப்பட வேண்டியது இம்பிளான்ட்டைச் சுற்றி வரும் லிம்ஃபோமா என்ற வெள்ளணுப் புற்று, அதில் பெரும்பாலும் அந்த நீர்தான் பயாப்சி.

நோயின் பெயர் நீளமானது: மார்பு இம்பிளான்ட் சார்ந்த அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்ஃபோமா. மருத்துவர்கள் பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். என்பார்கள். லுக்கீமியா மாதிரி ரத்தத்தில் ஓடுகிற புற்று இல்லை இது. மார்பகத் திசுவில் வரும் புற்றும் இல்லை. உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் அதைச் சுற்றி உடம்பே ஒரு நார்த்திசு உறையைக் கட்டிக்கொள்ளும். அந்த உறையின் உட்பக்கத்திலும், உறைக்கும் இம்பிளான்ட்டுக்கும் நடுவில் கோக்கும் நீரிலும் டி லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு வகை கெட்டுப் பெருகுவதுதான் இந்த நோய். முதல் நோயாளியைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 1997-இல் வந்தது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. 2011-இல் பொது எச்சரிக்கை விட்டது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தன் லிம்ஃபோமா வகைப்பாட்டில் இதற்குத் தற்காலிக இடம் கொடுத்தது, 2022 பதிப்பில் தனி நோயாகவே சேர்த்துவிட்டது.

எல்லா இம்பிளான்ட்டும் இதில் ஒன்றல்ல. வெளி ஓடு வழுவழுப்பாக இருப்பது ஒரு வகை. உள்ளே நகராமல், புரளாமல் திசுவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஓட்டைச் சொரசொரப்பாகச் செய்வது இன்னொரு வகை. நோய் இந்த இரண்டாவது வகையோடு சேர்ந்தே வருகிறது. உள்ளே இருப்பது சிலிக்கோன் ஜெல்லா, உப்பு நீரா என்பது பொருட்டில்லை. சொரசொரப்பிலும் அளவு உண்டு. அதிகச் சொரசொரப்பான ரகங்களில்தான் அதிகம் பேருக்கு வந்திருக்கிறது, குறிப்பாக அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் மேற்பரப்பு. 2019 ஜூலையில் எஃப்.டி.ஏ. கணக்கில் உலகம் முழுவதும் 573 பேர், அவர்களில் 33 பேர் இறந்திருந்தார்கள். அந்த 573-இல் 481 பேர் வைத்திருந்தது அலர்கன் தயாரிப்பு. அந்த மாதமே எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன் பேரில் பயோசெல் இம்பிளான்ட்டுகளையும், அதே மேற்பரப்பு கொண்ட எக்ஸ்பாண்டர்களையும் நிறுவனம் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பிரான்ஸ் அதற்கு மூன்று மாதம் முன்பே அதிகச் சொரசொரப்பு ரகங்களைத் தடை செய்துவிட்டது. 2023 ஜூன் கணக்கில் எண்ணிக்கை 1,264, இறப்பு 63. புதிதாக நோய் பெருகியதை விட, பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் பெருகியதும் இந்த ஏற்றத்துக்குக் காரணம்.

எக்ஸ்பாண்டர் என்று சொன்னேன், அதை விளக்க வேண்டும். மார்பை எடுத்தபின் தோலை மெல்ல மெல்ல விரிக்க, உப்பு நீர் ஏற்றும் ஒரு பையைச் சில மாதம் உள்ளே வைப்பார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்பிளான்ட் வைப்பார்கள். இந்தப் பைகள் பெரும்பாலும் சொரசொரப்பானவை. எனவே இப்போது உள்ளே இருப்பது வழுவழுப்பானதாக இருந்தாலும், முன்பு வைத்திருந்த பையின் விவரமும் தெரிய வேண்டும். வழுவழுப்பான இம்பிளான்ட்டோடு நோய் வந்ததாகப் பதிவானவர்களின் முழு வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், முன்னொரு காலத்தில் சொரசொரப்பான ஒன்று உள்ளே இருந்திருப்பதே வழக்கம். இன்னொரு குறிப்பு: இம்பிளான்ட் உருண்டையாக இல்லாமல் துளி வடிவத்தில் இருந்தால் அதைச் சொரசொரப்பானது என்றே வைத்துக்கொள்ளுங்கள். துளி வடிவம் உள்ளே சுழன்றுவிட்டால் மார்பின் வடிவமே கோணிவிடும், அதனால்தான் அந்த ரகங்களுக்குப் பிடிப்பான ஓடு.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. சொரசொரப்பான பரப்பில் வருடக்கணக்காக நீடிக்கும் அழற்சி, அங்கே படலமாக ஒட்டிக்கொள்ளும் நுண்ணுயிர்கள், ஒவ்வொருவர் உடம்பின் மரபணு வாகு ஆகியவை சேர்ந்து வேலை செய்கின்றன என்பதே இன்றைய புரிதல். கெட்டுப்போன அணுக்களில் ஜாக்-ஸ்டாட் என்ற சமிக்ஞைப் பாதையில் திடீர் மாற்றங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. மார்பகப் புற்று வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ராத்தாவுக்கு அந்தச் சோதனை எப்போதாவது எடுத்திருந்தால் அந்தத் தாளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய்ப்பு எவ்வளவு? இதில் கணக்குகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம், காரணம் எந்த ரகம், எத்தனை வருடம் பின்தொடர்ந்தார்கள் என்பதுதான். நெதர்லாந்தின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வு, இம்பிளான்ட் உள்ள பெண்களில் 75 வயதுக்குள் சுமார் 7,000 பேரில் ஒருவர் என்றது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம், மார்பு எடுத்தபின் பயோசெல் வைத்த தன் நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2020-இல் சொன்னது 355 பேரில் ஒருவர். "லட்சத்தில் ஒருவருக்குத்தான்" என்று சமாதானம் சொல்பவர்களும் "எல்லாருக்கும் வரும்" என்று பயமுறுத்துபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: எந்த ரகம் என்று கேட்பதில்லை.

ஆனால் உங்கள் ராத்தாவின் நிலை இந்தக் கணக்குக்குள் வராது. அவருக்கு வீக்கம் வந்துவிட்டது. அறுவை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின் புதிதாக நீர் கோப்பதே தனி வகை. சராசரியாக எட்டு, பத்து வருடத்தில்தான் இந்த நோய் தலைகாட்டும், அவருக்கு ஒன்பது. ஆகவே சந்தேகப்படுவது நியாயம். அதே சமயம், இப்படித் தாமதமாக நீர் கோக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் லிம்ஃபோமா உறுதியாகிறது. மற்றவர்களுக்கு அடிபட்டது, மெதுவான கிருமித்தொற்று, இம்பிளான்ட் கிழிசல், உறை இரண்டு அடுக்காகப் பிரிந்து உரசுவது என்று வேறு காரணங்கள். பழைய புற்று திரும்பினால் பொதுவாக வடுவின் மேலோ தோலிலோ கெட்டியான முடிச்சாகவோ அக்குள் நெறியாகவோ (வீங்கிய நிணநீர் முடிச்சு) வரும். இம்பிளான்ட்டைச் சுற்றி நீராக மட்டும் வருவது அபூர்வம். அதையும் அதே நீரில் பார்த்துவிடலாம், கீழே சொல்கிறேன்.

இனி நீர் எடுக்கும் விஷயம். இங்கேதான் அதிகம் பிசகுகிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஸ்கேனை ராமநாதபுரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். மார்பையும் அக்குளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீரின் அளவு, உறையில் எங்காவது தடிப்போ கட்டியோ இருக்கிறதா, அக்குளில் நெறி பெருத்திருக்கிறதா என்ற மூன்றும் அறிக்கையில் வர வேண்டும். ஐந்து, பத்து மில்லி நீர் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இருக்கும், அது பொருட்டில்லை. கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒரு பக்கம் பெருத்திருந்தால் உள்ளே இருப்பது அதைவிடப் பல மடங்கு. மேமோகிராம் எடுக்கச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். அது மார்பகத் திசுவின் புற்றைத் தேடும் படம். உறைக்குள் இருக்கும் நீரையும் அதில் மிதக்கும் அணுக்களையும் அது காட்டாது. "மேமோகிராம் நார்மல், கவலை வேண்டாம்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அந்த வார்த்தைக்கு இந்த நோயில் மதிப்பில்லை. அல்ட்ராசவுண்ட் தெளிவாக இல்லை என்றால் அடுத்தது எம்.ஆர்.ஐ.

ஊசி வைப்பதை மட்டும் மதுரையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போல பிளாஸ்டிக் சர்ஜரி, ரேடியாலஜி, நோயியல், புற்றுநோய்ப் பிரிவு ஆகியவை ஒரே மருத்துவமனையின் கீழ் இருக்கும் இடம் நல்லது. காரணம் எளிது. நீரில் உள்ள அணுக்கள் வேகமாகச் சிதைபவை. ஒரு நர்சிங் ஹோமில் எடுத்து, கூரியர் பையில் போட்டு, சாயங்காலம் வரை மேசையில் கிடந்து, மறுநாள் மதியம் வேறு ஊர் லேபுக்குப் போய்ச் சேர்ந்தால், நம் கடற்கரை வெயிலில் வெறும் சிதைந்த அணுக்களைத்தான் அவர்கள் கண்ணாடியில் பார்ப்பார்கள். "அழற்சி அணுக்கள் மட்டும்" என்று அறிக்கை வரும். வேறு வழியே இல்லாமல் இங்கிருந்து அனுப்பத்தான் வேண்டும் என்றால், மீன் பெட்டியில் போடுவது போல நேரே ஐஸ் மேல் வைக்காதீர்கள், உறைந்தால் அணுக்கள் வெடித்துவிடும். பாட்டிலைத் துணியில் சுற்றி, குளிர்ச்சியாக, ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டுக் குளிரில், அன்றைக்கே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எடுப்பவர் ஸ்கேன் திரையைப் பார்த்தபடி எடுக்க வேண்டும். கையால் தடவிப் பார்த்து ஊசி குத்தினால் இம்பிளான்ட் ஓட்டையாகும். உட்கார்ந்தோ சற்றுச் சாய்ந்தோ இருக்கும்போது நீர் கீழ்ப்பக்கம் இறங்கும், அங்கே இம்பிளான்ட்டுக்கும் உறைக்கும் இடைவெளி கிடைக்கும். எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் எடுத்துச் சேகரிப்பது நல்லது. 50 மில்லிக்கு மேல் கிடைத்தால் எல்லாச் சோதனைக்கும் தாராளம். முதல் தடவை எடுக்கும் நீரே சிறந்தது. ஒருமுறை வடித்துக் கொட்டிவிட்டு, திரும்பக் கோத்தபின் இரண்டாவது, மூன்றாவது முறை எடுப்பதில் நோயணுக்கள் நீர்த்துப்போய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். "சும்மா வீக்கம்தான், வடித்துவிட்டால் சரியாகிவிடும்" என்று ஓ.பி.யில் வடித்து சின்க்கில் ஊற்றுவதுதான் இந்த நோயில் நடக்கும் மிக மோசமான காரியம்.

எடுத்த நீரைப் பிரிக்க வேண்டும். பெரும்பங்கு சைட்டாலஜிக்கு. அதிலிருந்து ஸ்மியர்களும், நீரைச் சுழற்றி அடியில் படியும் அணுக்களை மெழுகுக் கட்டியாக்கும் செல் பிளாக்கும் செய்வார்கள். சி.டி.30-க்கும், ஏ.எல்.கே. என்ற இன்னொரு புரதத்துக்கும் சாயங்கள் போடுவது இந்த செல் பிளாக்கில்தான். ஒரு பங்கு, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு. அது ஃபார்மலின் கலக்காமல், லேப் சொல்லும் குழாயில், பச்சையாகப் போக வேண்டும். எல்லாவற்றையும் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் கொட்டிவிட்டால் அந்தச் சோதனை போச்சு. மிச்சம் சில மில்லி கிருமி வளர்ப்புச் சோதனைக்கு, காசநோய்க் கிருமிக்கும் சேர்த்து. நீர் குறைவாக, இருபது மில்லிதான் வந்தது என்றால் கல்ச்சருக்கு ஐந்து போதும், மீதி முழுவதும் சைட்டாலஜிக்கே. நடைமுறையில் தலைகீழாக நடப்பதுண்டு: முழுவதும் கல்ச்சருக்குப் போகும், "வளர்ச்சி இல்லை" என்று வரும், நோயாளி இன்னொரு ஆன்டிபயாடிக்கோடு வீடு திரும்புவார்.

கோரிக்கைப் படிவத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைக் கூட இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறுமனே "மார்பு நீர், சைட்டாலஜி" என்று போனால் நோயியல் நிபுணர் பழைய மார்பகப் புற்றை மட்டுமே தேடுவார். "மார்பு எடுத்தபின் இம்பிளான்ட், 9 வருடம், புதிதாக நீர் கோத்துள்ளது, ஏ.எல்.சி.எல். உள்ளதா எனப் பார்க்கவும், சி.டி.30, ஏ.எல்.கே., சைட்டோகெரட்டின் தேவை" என்று எழுதச் சொல்லுங்கள். கடைசியில் உள்ள சைட்டோகெரட்டின்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்வது: பழைய புற்றின் அணுக்கள் நீரில் இருந்தால் அதில் தெரியும். இதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒரு இம்பிளான்ட் நோயாளியைக்கூடப் பார்க்காத இடங்களில் மருத்துவருக்கே அது உதவி.

அறிக்கையைப் படிப்பது எப்படி? நோய் இருந்தால் பெரிய, ஒழுங்கற்ற, குதிரைலாட வடிவ உட்கரு கொண்ட அணுக்கள் என்று விவரித்திருப்பார்கள். அவை அனைத்தும் சி.டி.30-இல் அழுத்தமாகச் சாயம் ஏற்றிருக்கும், ஏ.எல்.கே. எதிர்மறையாக இருக்கும், ஃப்ளோவில் ஒரே குலத்து டி அணுக்கள் தெரியும். இவை சேர்ந்து வர வேண்டும். சாதாரண அழற்சியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அணுக்கள் சி.டி.30 ஏற்கும். ஆகவே "சி.டி.30 சில அணுக்களில் பாசிட்டிவ்" என்ற ஒற்றை வரியைப் பார்த்து யாரும் மயங்கி விழ வேண்டாம், லிம்ஃபோமா பார்த்துப் பழகிய இன்னொரு நோயியல் நிபுணரிடம் ஸ்லைடுகளையும் செல் பிளாக்கையும் மறுபார்வைக்குக் கொடுங்கள். அந்த ஸ்லைடுகளும் மெழுகுக் கட்டிகளும் நோயாளியின் உரிமை, கேட்டால் லேப் தர வேண்டும்.

நீர் இல்லாமல் கட்டி மட்டும் இருந்தால் மெல்லிய ஊசி போதாது, திசுத்துண்டு எடுக்கும் பயாப்சி வேண்டும். அக்குளில் நெறி இருந்தாலும் அப்படியே. நம் பக்கத்தில் நெறி கட்டினாலே காசநோய் என்று ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடும் வழக்கம் உண்டு. காசநோய் நம்மிடையே அதிகம் என்பதால் அந்தச் சந்தேகம் தவறில்லை. ஆனால் உள்ளே இம்பிளான்ட் இருக்கும் பக்கம் நெறி வந்தால், திசுச் சோதனை முடிவில்லாமல் அந்த மாத்திரையைத் தொடங்க விடாதீர்கள். லிம்ஃபோமாவுக்கு அந்த ஆறு மாதம் இலவசமாகப் போய்ச்சேரும்.

நோய் உறுதியானால்? பயம் நியாயம்தான், ஆனால் லிம்ஃபோமாக்களில் இது ஓரளவு நல்ல முகம் கொண்டது. பெரும்பாலானோருக்கு நீரிலும் உறையின் உட்பக்கத்திலும் அடங்கியிருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. 87 நோயாளிகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வில் ஐந்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 89 சதவீதம். அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: உறையோடு இம்பிளான்ட்டை முழுசாக எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது மிகக் குறைவு, அரைகுறையாக எடுத்தவர்களுக்கும் அறுவை இல்லாமல் கீமோ மட்டும் கொடுத்தவர்களுக்கும் அதிகம். ஆகவே முதலில் பெட் ஸ்கேன் எடுத்து நோய் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அறுவைக்குப் பின் எடுத்தால் காயம் ஆறும் இடமெல்லாம் ஒளிரும், குழப்பம்தான், எனவே முன்பே எடுப்பது முறை.

அறுவையில் கவனிக்க வேண்டியது பின்சுவர். உறையின் பின்பக்கம் விலா எலும்பின் மேல் ஒட்டிக் கிடக்கும். நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்துவிடும் என்ற பயத்தில் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வருவது சாதாரண இம்பிளான்ட் மாற்றத்தில் வழக்கம். இந்த நோயில் அப்படி விடக் கூடாது. உறை ஒரு துணுக்கும் மிச்சமில்லாமல், கட்டி இருந்தால் அதையும் சேர்த்து வர வேண்டும். எனவே பிளாஸ்டிக் சர்ஜனும் புற்றுநோய் அறுவை நிபுணரும் சேர்ந்து நிற்பதே பாதுகாப்பு. எடுத்த உறையில் மேல், கீழ், முன், பின் என்று தையல் அடையாளம் போட்டு அனுப்பினால்தான் எந்த ஓரத்தில் நோய் தொட்டிருக்கிறது என்று நோயியலில் சொல்ல முடியும். மார்பகப் புற்றில் செய்வது போல காவல் நெறி (புற்று முதலில் போய்ச்சேரும் நெறி) தேடும் சோதனை இதற்குத் தேவையில்லை, சந்தேகமான நெறியை மட்டும் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் இம்பிளான்ட் இருப்பவர்களுக்கு மற்ற பக்கத்தையும் எடுத்துவிடுவதே பொதுவான அறிவுரை, ஏனெனில் சிலருக்கு நல்ல பக்கம் என்று நினைத்ததிலும் நோய் இருந்திருக்கிறது.

உறைக்குள் அடங்கியதாக இருந்து, ஓரங்கள் சுத்தமாக வந்துவிட்டால் பலருக்கு அறுவையே முழு மருத்துவம். கீமோ இல்லை, ரேடியேஷன் இல்லை. ஏற்கனவே ஒரு முறை புற்றுநோய் வைத்தியத்தைப் பார்த்த ராத்தாவுக்கு இதைச் சொல்லுங்கள். ஓரத்தில் மிச்சம் இருந்து திரும்ப அறுக்க முடியாவிட்டால் ரேடியேஷன். நெறிக்கோ வேறு உறுப்புக்கோ பரவியிருந்தால் சி.டி.30-ஐக் குறிவைக்கும் பிரென்டுக்ஸிமாப் வெடோட்டின் அல்லது சாப் என்ற கூட்டு கீமோ. முடிந்தபின் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பரிசோதனை, தேவைக்கேற்ப ஸ்கேன். மார்பை மறுபடி அமைக்க விரும்பினால் அவரவர் சதையிலிருந்தே, அடிவயிற்றிலோ முதுகிலோ எடுத்துச் செய்யலாம். சொரசொரப்பான இம்பிளான்ட் மட்டும் இனி வேண்டாம்.

நீரில் நோய் இல்லை என்று வந்தால் அதோடு கதை முடிந்ததா? காரணம் தெரிந்தால் அதற்கான வைத்தியம். காரணமும் தெரியாமல் நீர் திரும்பத் திரும்பக் கோத்தால் இம்பிளான்ட்டை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் உறையை நோயியலுக்கு அனுப்பச் சொல்லுங்கள், பல இடங்களில் இருந்து துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறையில் வேறு லிம்ஃபோமாக்களும், அதைவிட அபூர்வமாகச் செதிள் அணுப் புற்றும் வந்திருப்பதை எஃப்.டி.ஏ. 2022-இல் தனியாக எச்சரித்திருக்கிறது.

உங்கள் கேள்வியைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றிரண்டு. எந்த வீக்கமும் இல்லாமல் இம்பிளான்ட் வைத்திருப்பவர்கள், அது பயோசெல்லாகவே இருந்தாலும், பயத்தில் ஓடிப்போய் எடுக்க வேண்டாம் என்பதே எஃப்.டி.ஏ. உட்பட எல்லாரும் சொல்வது. மார்பு எடுத்தவர்களுக்கு உறை மெல்லிய தோலோடு ஒட்டியிருக்கும், உரிக்கும்போது தோல் கருகுவது, ரத்தப்போக்கு, நுரையீரல் உறையில் ஓட்டை என்று உடனடி ஆபத்துகள் உண்டு. அபூர்வமான ஒன்றைத் தவிர்க்க அவ்வளவு அபூர்வமில்லாத ஒன்றை வாங்கிக்கொள்வானேன். மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிலிக்கோன் ஜெல் உள்ளவர்கள் ஐந்தாறு வருடத்தில் ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் கிழிசல் பார்க்க அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். மார்பு எடுத்தபின் உள்பாடிக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் பேடுக்கும் இந்த நோய்க்கும் துளித் தொடர்பும் கிடையாது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இந்தப் பயத்தில் பேடைத் தூக்கி எறிய நினைப்பவர்கள் தாராளமாகத் திரும்ப எடுத்து அணியலாம். தாய்லாந்திலோ சென்னையிலோ இம்பிளான்ட் வைத்த திருநங்கைகளுக்கும் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும், அவர்களிலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. இம்பிளான்ட் இல்லாமல் சிலிக்கோன் திரவத்தையே ஊசியாக ஏற்றிக்கொண்டவர்களின் ஆபத்து வேறு, உடனடியானது. அதை யார் இலவசமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள். பி.ஐ.பி. என்ற பிரெஞ்சு நிறுவனம் தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி 2010-இல் மாட்டிக்கொண்ட விவகாரமும் வேறு. அதில் பிரச்சினை கிழிசல்தான்.

கடைசியாகக் கோலாலம்பூர். பரிசோதனைக்காக அங்கே போகத் தேவையில்லை, விமானத்தில் போனால் இம்பிளான்ட் வெடிக்கும் என்பதும் கட்டுக்கதை. அங்கிருந்து வர வேண்டியது தாள்கள். அறுவை அன்று இம்பிளான்ட் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரை உரித்து ஒன்றை கேஸ் ஷீட்டிலும் ஒன்றை நோயாளி அட்டையிலும் ஒட்டியிருப்பார்கள். நிறுவனம், ரகத்தின் எண், அளவு, சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு ராத்தாவே கையெழுத்திட்ட கடிதம், பாஸ்போர்ட் நகல், பழைய நோயாளி எண் ஆகியவற்றோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். அங்கே இருக்கும் சொந்தக்காரர் நேரில் வாங்குவதானால் அவர் பெயரில் ஒப்புதல் கடிதமும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் அனுப்பிக் கை கழுவுவார்கள், ஆபரேஷன் நோட்ஸும் இம்பிளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கமும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், எக்ஸ்பாண்டர் வைத்த முதல் அறுவைக்கும் நிரந்தர இம்பிளான்ட் வைத்த இரண்டாவதுக்கும் தனித்தனியாக. அலர்கன் ரகங்களில் 410 என்பது துளி வடிவ பயோசெல், 133 என்பது எக்ஸ்பாண்டர். பழைய புற்றின் பயாப்சி அறிக்கையையும் அதோடு வாங்கிவிடுங்கள், இங்கே நோயியல் நிபுணர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இந்தத் தாள்கள் வரும்வரை ஊசி வைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கட்டும்.